மோதிரம், செருப்பு, கொடிக்கயிறு

மனித குலத்தின் வரலாற்றிலேயே, சாகப் போகிறவன் எவனும் மூன்று தடயங்களை விட்டுவைக்காமல் போனதில்லை என்றார் துப்பறிவாளர் வெங்கிடேஸ்வரன். சொன்னதன் கனம் கேட்பவர்கள் மீது இறங்கட்டும் என்று சற்று நேரம் கண்ணையும் மூடிக்கொண்டார்.

மனித குலத்தின் வரலாற்றில் அவர் இதுவரை ஒரு சாவைக்கூடத் துப்பறிந்ததில்லை. கொச்சியின் யூதத் தெருவான ஜூ டவுனில், போன மாதம் செய்த புராதனப் பொருள்களை விற்கும் கடையின் மாடியில் இருந்தது அவருடைய நிலையம். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்துச் சொல்வது அதன் முக்கியப் பணி. குடிப்பார் என்றே பெரும்பாலும் சொல்லும். போன மழைக்காலத்தில் காணாமல் போன பொமரேனியன் ஒன்றைக் கண்டுபிடித்தது. நாய் தானாகவே வீடு திரும்பியிருந்ததை விளம்பரத்தில் போடுவதில்லை.

"மூணும் என்னன்னு சொல்லிடுங்க சாரே," என்றாள் உதவியாளர் செல்வலட்சுமி. "நின்னுக்கிட்டே கேக்கணுமா, உக்காரலாமா?"

அவர்கள் நின்றது மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில், வசந்தியின் வீட்டில். வசந்தி கிடங்கில் சுக்குத் தரம் பிரிப்பவள். அவளும் செல்வலட்சுமியும் ஒரே கடையில் சாயா குடிப்பவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இந்த வழக்கு வந்தது. வசந்தியின் அப்பா வீரபாண்டியைக் காலையிலிருந்து காணவில்லை.

வீரபாண்டி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் கொச்சிக்கு வந்தவர். ஃபோர்ட் கொச்சிக்கும் எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவுக்கும் இடையே ஓடும் படகில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரை வந்ததும் கயிற்றை வீசிக் கட்டுவது, கட்டியதும் பயணிகளைக் கைபிடித்து இறக்குவது, இறக்கியதும் ஏற்றுவது. அதுதான் லஸ்கர் வேலை. இரண்டு வருடமாக அவருடைய ஞாபகங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. மனைவி செத்தது இறங்கிவிட்டது. மருமகன் பெயர் இறங்கிவிட்டது. படகு மட்டும் இன்னும் இறங்காமல் நின்றது.

"ஒன்று," என்று வெங்கிடேஸ்வரன் உப்பு ஜாடியை உயர்த்திக் காட்டினார். கஞ்சிக்கு உப்பெடுக்கக் கைவிட்ட வசந்தியின் விரலில் அப்பாவின் மோதிரம் தட்டுப்பட்டிருந்தது. "சாகப் போகிறவன் தங்கத்தை வீட்டிலேயே விட்டுச் செல்வான். இரண்டு."

வாசற்படியின் ஓரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, சேர்த்து வைத்தபடி இருந்தது.

"செருப்பில்லாமல் ஒருவன் எங்கே போவான்? திரும்பி வர வேண்டாத இடத்துக்கு. மூன்று."

மூன்றைச் சொல்லாமல் கொல்லைப்பக்கம் கை காட்டினார். இரண்டு சுவர்களில் இரண்டு கொக்கிகள். நடுவே இருக்க வேண்டிய கொடிக்கயிறு இல்லை.

வசந்தி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சாரே, நீங்க சொல்ற விதத்துல எனக்கே சாகலாம்னு தோணுது," என்ற செல்வலட்சுமி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சேச்சி, நேத்து வீட்டுல ஏதாவது பேச்சு நடந்துச்சா?"

வசந்தி சுக்குத் தூள் படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தெனமும் சாயங்காலம் கொடியை அவுத்துடுவாரு. நான் வேலை முடிஞ்சு வந்தா, தொவைச்ச துணியெல்லாம் மண்ணுல கெடக்கும். மறுபடி அலசணும். நேத்து உடம்பு வேற முடியலை. 'ஒரேயடியாப் போய்ச் சேர மாட்டியா'ன்னு கேட்டுட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'சரிம்மா'ன்னு சொன்னாரு."

வீட்டுக்குள்ளிருந்து வசந்தியின் கணவன் தங்கதுரை வந்தான். ஆட்டோ ஓட்டுபவன். பனியனோடு நின்றான்.

"படகு ஜெட்டியில போய்ப் பாத்துட்டேன் சார். படிக்கட்டு, டிக்கெட் கவுண்டர், மீன் வலைக்காரங்க கிட்டன்னு கரையெல்லாம் தேடியாச்சு. ஸ்டேஷன்லயும் சொல்லியாச்சு. வசந்தி, என் காக்கிச் சட்டை எங்க? ஆணியில மாட்டியிருந்தேன். அது இல்லாம வண்டிய எடுத்தா போலீஸ்காரன் பிடிச்சு நிறுத்துவான்."

"ஒரு மனுஷ்யன் உசிரோட இருக்கானான்னு நாங்க யோசிச்சிண்டிருக்கோம்," என்றார் வெங்கிடேஸ்வரன். கோபம் வந்தால் அவருடைய துப்பறியும் தமிழ் கழன்று வீட்டில் பேசும் பாலக்காட்டுத் தமிழ் வந்துவிடும். "நீ சட்டையைப் பறயறே."

தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டு ஒரு பூப்போட்ட சட்டையை மாட்டினான்.

செல்வலட்சுமி கொல்லைப்பக்கம் போய்க் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அறுக்கலை சாரே. முடிச்சைப் பொறுமையா அவுத்துருக்காரு. அப்புறம் இன்னொண்ணு. இன்னிக்குத் துணி மண்ணுல இல்லை. எல்லாத்தையும் மடிச்சு சுவத்து மேல வச்சிருக்காரு."

"மகளுக்குச் செய்த கடைசி மரியாதை," என்றார் வெங்கிடேஸ்வரன்.

வசந்தி இப்போதுதான் சத்தமாக அழுதாள். ஆகவே தன் ஊகம் சரி என்று அவர் முடிவு செய்தார்.

"இனி செய்ய வேண்டியது தெளிவு. உலகை விட்டுப் போகிறவன் முதலில் நண்பனிடம் விடைபெறுவான். வீரபாண்டிக்கு நண்பர் யார்?"

"இஸ்மாயில் இக்கா மட்டுந்தான். படகு ஓட்டுறவரா இருந்தாரு. வைப்பின்ல, ஜெட்டிக்குப் பக்கத்துலயே வீடு."

"படம் ஒன்று வேண்டும்."

வசந்தி போனை எடுத்து நீட்டினாள். வெங்கிடேஸ்வரன் அதைக் கையால் விலக்கினார். அவரிடம் புகைப்படம் வைக்கவென்றே ஒரு தோல் உறை இருந்தது. போனை அதற்குள் வைக்க முடியாது. "காகிதத்தில் வேண்டும்."

வசந்தி தன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை உரித்துக் கொடுத்தாள். பட்டுச் சட்டை, சாயம் போட்ட தலை, கன்னத்தைத் தொடும் மீசை. மணப்பெண்ணை விட அதிகம் சோடித்த ஒரு மனிதர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப அப்பா ஆளு வந்து..."

"போதும். ஒரு முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் எனக்கு மறக்காது."

*

தங்கதுரை அவர்களை ஆட்டோவில் ஃபோர்ட் கொச்சி ஜெட்டி வரை கொண்டுவந்து விட்டான். போலீஸ் பார்த்தால் பூப்போட்ட சட்டைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி அங்கேயே இருந்துகொண்டான்.

மத்தியான நேரம் என்றாலும் கூட்டம் இருந்தது. வைப்பின் மீன்காரிகள், பள்ளிக்கூட டீச்சர்கள், வல்லார்பாடத்து கன்டெய்னர் கிரேன்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார தம்பதி. படகு வந்து ஜெட்டியை உரசி நின்றது. படகுக்கும் கரைக்கும் இடையே ஒரு சாண் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொச்சியில் பிறந்து கொச்சியில் நரைத்த வெங்கிடேஸ்வரனுக்கு நீச்சல் தெரியாது.

"செல்வி, நீ முன்னாடி போ. நான் சிந்திக்கணும், கேட்டியோ."

"சிந்திங்க. நான் அக்கரையில வெயிட் பண்றேன்," என்று அவள் ஏறிப் போய்விட்டாள்.

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் படகிலிருந்து கையை நீட்டினார்.

"வாங்க சார். தண்ணியப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க, வந்துரலாம்."

வெங்கிடேஸ்வரன் தண்ணீரைப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே நீட்டிய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு மூட்டையைப் போல உள்ளே வந்து சேர்ந்தார். உட்கார இடம் கிடைத்து, மூச்சு சீரானதும், துப்பறியும் தமிழ் திரும்பி வந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரரை விரலால் அழைத்தார். தோல் உறையைத் திறந்தார்.

"இந்த ஆசாமியை எங்காவது பார்த்ததுண்டா?"

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கல்யாண வீட்டுக்காரரு போல. சந்தோசமா இருக்காரு. என்ன ஆச்சு இவருக்கு?"

"காணவில்லை."

"பாவம். வீட்டுல தேடுவாங்க." படத்தை அழுக்குப் படாமல் ஓரத்தில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நம்ம படகுல ஏறலை சார். ஏறியிருந்தா கை குடுத்திருப்பேன். கை குடுத்த ஆளு எனக்கு மறக்காது."

வெங்கிடேஸ்வரன் படத்தை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டார். ஊழியர்களின் ஞாபகசக்தி பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

வைப்பினில் இறங்கும்போது அதே கை மறுபடி நீண்டது. செல்வலட்சுமியும் அதைப் பிடித்துத்தான் இறங்கினாள். உப்பிலும் வெயிலிலும் கறுத்து, தேங்காய் நாரைப் போலச் சொரசொரத்த கை. ஒரு விரலில் மட்டும், அடியில், மெல்லிய வெளுப்பாக ஒரு வளையம். பார்த்தாள். அப்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

*

முகமது இஸ்மாயில் வீட்டு முற்றத்தில், எண்ணெய் நீவிவிட்ட இரண்டு முழங்கால்களையும் வெயிலில் நீட்டியபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படகின் சுக்கான் பிடித்த கைகள் இப்போது காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"உங்கள் நண்பர் உங்களிடம் கடைசியாக விடைபெற வந்தாரா?" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"யாரு, வீரபாண்டியா? விடை பறயற ஆளா அவன்?" இஸ்மாயில் சிரித்தார். "எனக்குத் தமிழ் அவன் கத்துக் குடுத்தது. அதனால வசவு மட்டும் நல்லா வரும். என்ன காரியம்?"

செல்வலட்சுமி சொன்னாள். சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. உள்ளே பார்த்துக் கட்டன் சாயாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"படகுல நாங்க மூணு பேரு. நான் முன்னாடி பாப்பேன். எஞ்சின்காரன் கீழ குழியில, ஒண்ணும் பாக்க மாட்டான். மத்த எல்லாத்தையும் வீரபாண்டி பாப்பான். எவ வயித்துப் பிள்ளைக்காரி, எவனுக்குக் கண்ணு தெரியாது, எவன் குடிச்சிருக்கான். ஒரு தடவை ஒருத்தி படகுலயே பெத்துட்டா. ஜனமெல்லாம் என்னைப் பாக்கறாங்க, நான் காயலைப் பாக்கறேன். அவன்தான் தன் வேட்டியை அவுத்துக் குடுத்தான். அன்னிக்கு முழுக்க கோணியைச் சுத்திக்கிட்டு கயிறு வீசினான்."

"இதெல்லாம் வழக்குக்கு..." என்று வெங்கிடேஸ்வரன் தொடங்கினார்.

"சாயா வருது சாரே, குடிங்க," என்றாள் செல்வலட்சுமி.

"கல்யாணமாகி மோதிரம் போட்டுக்கிட்டு வந்தான். என்ன பவுசு. அடுத்த ஓணத்துக்கு முந்தி, ஒச்சப்பனோட விரல் போச்சு. ஒச்சப்பன் அடுத்த ஷிஃப்டு லஸ்கர். கயிறு வீசும்போது மோதிரத்துல மாட்டி, கயிறோட விரலும் போயிடுச்சு. வீரபாண்டிதான் தண்ணியில குதிச்சுத் தேடினான். மோதிரம் கெடைச்சுது, விரல் கெடைக்கலை. அதுக்கப்புறம் அவன் பொண்டாட்டி ஒரு நாளும் அவனை மோதிரத்தோட அனுப்பலை. காலையில, பிள்ளை முழிக்கறதுக்கு முந்தியே, கழட்டி உப்பு ஜாடியில போடணும். உலை வைக்கறவ கையில தட்டுப்படும், தொலையாதுன்னு அவ கணக்கு."

வெங்கிடேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இக்கா," என்று செல்வலட்சுமி மெதுவாகக் கேட்டாள். "செருப்பு?"

"படகு விளிம்புல செருப்போட நிக்கறவன் லஸ்கர் இல்லை மோளே. விருந்தாளி."

"கயிறு?"

இஸ்மாயில் முழங்காலைத் தடவினார்.

"எங்க படகுல ஒரு முறை உண்டு. அடுத்த ஷிஃப்டுக்காரன் வந்து, வெறுங்காலோட நின்னு, ரெண்டு கையையும் நீட்டணும். அவன் கையில கயிறை வைக்கணும். தண்ணி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பதான் இவன் கரையில கால் வைக்கலாம். அதுவரைக்கும் மழையோ இடியோ, இவன் டியூட்டியில இருக்கான்."

"வீரபாண்டி சேட்டனோட கடைசி நாள்?"

"கடைசி நாளா?" இஸ்மாயில் சிரிக்கப் பார்த்தார். "அன்னிக்கே எங்க பழைய படகையும் நிப்பாட்டினாங்க. அதுக்கு இனி ஷிஃப்டே இல்லை. மாலை போட்டாங்க. பொன்னாடை போட்டாங்க. ஒரு பெரிய மனுஷன் வந்து மைக்குல அவன் சேவையைப் பத்திப் பேசினாரு, பேரை வீரமணின்னு சொன்னாரு. எல்லாரும் வந்தாங்க. கயிறு வாங்க ஒருத்தனும் வரலை. ஒச்சப்பன் அதுக்கு முந்தின வருஷமே மௌத்தாயிட்டான். இவன் கயிறைக் கையில வச்சிக்கிட்டு நின்னான். கூட்டமெல்லாம் போன பிறகும் நின்னான். பின்னே தானே கட்டிட்டு, திரும்பிப் பாக்காம போயிட்டான்."

செல்வலட்சுமி எழுந்து போனில் வசந்தியை அழைத்தாள்.

"சேச்சி, அப்பா கொடியை அவுத்துட்டு என்ன செய்வாரு?"

மறுமுனையில் வசந்திக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரமானது. "என்ன செய்வாரு? கையில புடிச்சிக்கிட்டு வாசலைப் பாத்து நிப்பாரு. யாரோ வர்ற மாதிரி."

"நீங்க உடனே ஃபோர்ட் கொச்சி ஜெட்டிக்கு வாங்க. அப்பா உசிரோட இருக்காரு."

போனை வைத்துவிட்டு அவள் வெங்கிடேஸ்வரனிடம் திரும்பினாள். அவர் சாயா டம்ளருக்குள் ஏதோ தடயம் தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதிரத்தைக் கழட்டி வச்சாரு, செருப்பைக் கழட்டி வச்சாரு, கயிறை எடுத்துக்கிட்டாரு. சாகப் போறவர் மாதிரித்தான் இருக்கு. வேலைக்குப் போற லஸ்கர் மாதிரியும் இருக்கு. தங்கதுரை சேட்டன் காலையிலேர்ந்து எதைத் தேடிக்கிட்டு இருந்தாரு சாரே?"

"காக்கிச் சட்டை," என்றார் வெங்கிடேஸ்வரன், யாருக்கும் கேட்காத குரலில்.

"நம்ம கையைப் பிடிச்சு எறக்கி விட்டவரு கையில மோதிரம் போட்ட வெளுப்பு இருந்துச்சு."

இஸ்மாயில் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு படகில் ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர். சட்டையைக்கூட மாட்டாமல், தோளில் துண்டோடு கிளம்பினார்.

*

படகு மறுபடி வைப்பினுக்கு வந்து நின்றபோது கயிறு இரண்டாக வந்து விழுந்தது. ஒன்று படகின் தடித்த கயிறு. அதை வீசியவர் ஹரிஷங்கர் என்ற லஸ்கர். மற்றது மெலிந்த நைலான் கயிறு. அதன் நடுவில் துணி மாட்டும் நீலக் கிளிப் ஒன்று இன்னும் கவ்விக்கொண்டிருந்தது.

"காலையில முதல் ட்ரிப்புலேர்ந்து கூடவே வர்றாரு," என்றார் ஹரிஷங்கர், செல்வலட்சுமி கேட்டதும். "ஆபீஸ்லேர்ந்து போட்ட ஆளுன்னு நெனச்சேன். ஆபீஸ் கேட்டா ஆள் தராதுங்கறது பிறகுதான் ஓர்மை வந்துச்சு. ஆனா இந்த சேட்டன் நின்னா ஜனங்க பயப்படாம எறங்கறாங்க. விட்டுட்டேன். மத்தியானம் என் சோத்துல பாதி குடுத்தேன்."

வீரபாண்டி கையை நீட்டினார். "வாங்க சார். தண்ணியப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

இந்த முறை வெங்கிடேஸ்வரன் பார்த்தார். மழித்த முகம். முழுக்க நரைத்த தலை. தோளுக்குப் பெரிதான ஆட்டோக்காரன் சட்டை. பட்டுச் சட்டைக்காரனின் சிரிப்பு அதற்குள் எங்கேயோ இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கை கொடுத்த ஆளை வீரபாண்டிக்கு அடையாளம் தெரியவில்லை. இஸ்மாயிலையும் தெரியவில்லை. "காலு முடியாதா பெரியவரே? மெதுவா," என்று அவரை அணைத்துத் தூக்கி உள்ளே விட்டார். இஸ்மாயில் காயலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். வசவு எதுவும் வரவில்லை.

ஃபோர்ட் கொச்சியில் தங்கதுரையும் வசந்தியும் நின்றிருந்தார்கள். படகு தொட்டதும் வசந்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பா."

அவர் கையை நீட்டினார். "வாம்மா. தண்ணியப் பாக்காத. என்னையப் பாரு."

அவள் பார்த்தாள். அவர் அவளைப் பத்திரமாகப் படகில் ஏற்றிவிட்டு, அடுத்த பயணிக்குக் கை நீட்டினார்.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா."

"டியூட்டி முடியலையேம்மா. ஒச்சப்பன் வரட்டும்."

"ரிலீவர் வந்தாச்சு வீரபாண்டி," என்று இஸ்மாயில் உள்ளிருந்து சொன்னார். படகில் கட்டளையிட்டே பழகிய குரல். வீரபாண்டி நிமிர்ந்தார். "எங்க?"

ஹரிஷங்கர் கையை நீட்டினார். வீரபாண்டி அவர் காலைப் பார்த்தார். ஷூ. தலையை ஆட்டிவிட்டார். நிலைமையின் பொறுப்பைத் தான் ஏற்பதாக முடிவு செய்த வெங்கிடேஸ்வரன் முன்னால் வந்து, சனிக்கு ஒன்று, குருவுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று கல் மோதிரங்கள் மின்னும் கைகளை நீட்டினார்.

"விரல் போயிரும் சார்," என்றார் வீரபாண்டி வருத்தத்தோடு.

வசந்தி செருப்பைக் கழற்றினாள். கையிலிருந்த மோதிரம் இழுத்தும் வரவில்லை. வாயில் வைத்து எச்சில் படுத்தி இழுத்தாள். கழன்றதைக் கரையில் நின்ற கணவனிடம் எட்டிக் கொடுத்தாள். வெறுங்காலோடு படகு விளிம்பில் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வீரபாண்டி அவள் காலைப் பார்த்தார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுக்குத் தூள் படிந்த அந்த உள்ளங்கைகளில் கயிற்றை வைத்து, மேலே தன் கையையும் ஒருமுறை வைத்து அழுத்தினார்.

"தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. இழுவை கொஞ்சம் ஜாஸ்தி. ஜனங்க நல்ல ஜனங்கதான், அவசரப்படுவாங்க. திட்டாத."

"சரி," என்றாள் வசந்தி.

"அப்ப நான் வர்றேன். வீட்டுல பொண்ணு தனியா இருக்கும். கோவக்காரி. நேரத்துக்குப் போகலைன்னா தேடும்."

"சரி," என்றாள் மறுபடியும்.

அவர் கரையில் கால் வைத்தார். கால் வைத்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். தங்கதுரை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடத்திப் போனான். தன் சட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

படகு கிளம்ப மணி அடித்தது. வசந்தி கயிற்றைக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றாள்.

"மோளே, இனி எறங்கலாம்," என்றார் இஸ்மாயில்.

"இதை யார்கிட்டக் குடுக்கணும்?"

அவள் கயிற்றைச் சுருட்டினாள். நீலக் கிளிப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கரையில் ஏறி வந்ததும் செல்வலட்சுமியிடம் சொன்னாள்: "நாளைக்குத் துணி காயப் போடணும். சாயங்காலம் அவுப்பாரு. இனி வேலை முடிஞ்சு நான் சீக்கிரம் வந்துடணும்."

இஸ்மாயில் இறங்கவில்லை. அதே படகில் வைப்பினுக்குத் திரும்பினார். படகு நடுக்காயலுக்குப் போகும் வரை அவர் இந்தக் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஜூ டவுன் மாடிக்குத் திரும்பியதும் வெங்கிடேஸ்வரன் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மோதிரத்தை உப்பில் பார்த்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கேட்டியோ. உறுதி செய்யத்தான் வைப்பின் போனது."

செல்வலட்சுமி வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்வாள். இன்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ," என்றார் அவர். "வழக்கு முடிந்தது. காணாமல் போனவர் நலம். தீவிர விசாரணையின் ஒரு பகுதியாக, படகிலேயே ஊழியர் ஒருவரிடம் புகைப்படம் காட்டப்பட்டது. அவரால் அடையாளம் காண முடியவில்லை."

அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த ஊழியர் வீரபாண்டி. அன்று முழுவதும் வெங்கிடேஸ்வரன் அந்தப் படத்தை வேறு யாரிடமும் காட்டவில்லை.